மூளை சுருங்கியதா, அளவு பிசகியதா? எம்.ஆர்.ஐ. கன அளவில் அறிகுறி வாரியாகப் பிழை தேடல்

மூளைப் பகுதிகளின் கன அளவை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து எடுக்கும் வேலை இப்போது பெரும்பாலும் மென்பொருளிடம் போய்விட்டது. படத்தைக் கொடுத்துவிட்டுப் போனால், இடது ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி) இத்தனை, வலது இத்தனை, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) இத்தனை என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். சிக்கல் என்னவென்றால், பட்டியல் எப்போதும் வரும். படம் மோசமாக இருந்தாலும் வரும், ஆள் தலையை ஆட்டியிருந்தாலும் வரும், மூளை உறையையும் சேர்த்து மூளை என்று மென்பொருள் எண்ணியிருந்தாலும் வரும். தசமப் புள்ளியோடு அழகாக அச்சாகி வருவதால் நம்பிவிடத் தோன்றும்.

கோலாலம்பூரில் பட ஆய்வு வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகள் எல்லாம் அறிகுறியாகத்தான் வருகின்றன. "அண்ணே, ராத்திரி நின்னுடுச்சு." "அக்கா, இந்தப் பாட்டிக்குப் பாதி மூளையக் காணோம்." ஆகவே இதையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். மையமாக வைத்திருப்பது ஃபிரீசர்ஃபர் என்ற மென்பொருள். எஃப்.எஸ்.எல்., கேட்12 போன்ற வேறு மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நோய் என்ன என்று சொல்வது ரேடியாலஜிஸ்ட், நரம்பியல் மருத்துவர் வேலை. அவர்கள் கைக்குப் போகும் எண் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பகுதி பிரித்த படத்தை மூலப் படத்தின் மேல் ஏற்றி, மூன்று திசையிலும் நகர்த்திப் பாருங்கள். கீழே வரும் பிழைகளில் பாதி அங்கேயே கண்ணில் பட்டுவிடும். அதைச் செய்யாமல் பட்டியலை எக்செலில் ஏற்றிச் சராசரி போட உட்கார்ந்தால், அப்புறம் எந்தப் புள்ளியியல் சோதனையும் காப்பாற்றாது.


"ஓட்டம் தொடங்கவே இல்லை" அல்லது "பாதியில் நின்றுவிட்டது"

கோப்புறையின் பெயரைப் பாருங்கள். இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. நோயாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எம்.ஆர்.ஐ. கணினியில் பதிவாகும். இந்தியர் பெயர் என்றால் நடுவில் பெரும்பாலும் ஏ/எல் அல்லது ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) இருக்கும். அந்தச் சாய்கோட்டைக் கண்டால் லினக்ஸ் "இதற்குள் இன்னொரு கோப்புறை" என்று எடுத்துக்கொள்ளும். பெயரை அப்படியே எடுத்துக் கோப்புறை உண்டாக்கும்படி யாராவது ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தால், அப்பா பெயர் தனியாகப் பிரிந்து உள்ளே போய்விடும், கோப்பு கிடைக்கவில்லை என்று ஓட்டம் நின்றுவிடும். இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம், சாய்கோட்டுக்கு அது போதாது. மற்றவர் படமெல்லாம் ஓடி, நம் ஆட்களின் படம் மட்டும் விழுந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு, பெயரையே எடுத்துவிட்டு ஆய்வு எண் கொடுப்பது. பெயருக்குப் பதிலாக மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணை வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதன் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாம். அடையாளத்தை மறைத்ததாகவே ஆகாது.

அடுத்தது மின்சாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மின்னலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபிரீசர்ஃபரின் முழு ஓட்டத்துக்கான ரீகான்-ஆல் என்ற கட்டளை பல மணி நேரம் ஓடும். மதியம் தொடங்கி வைத்துவிட்டுப் போனால், மழை வந்து பிளக் டிரிப் ஆகி, கணினி தானாகத் திரும்ப எழுந்து ஒன்றும் நடக்காதது போல இருக்கும். மறுபடி ஓட்டினால் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று மறுக்கும். அந்த ஆளின் கோப்புறைக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் "இஸ்ரன்னிங்" என்று தொடங்கும் சின்னக் கோப்பு ஒன்று கிடக்கும். அதை அழித்தால் மறுப்பு போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடர "மேக் ஆல்" என்ற தெரிவு இருக்கிறது. ஆனால் கவனம்: மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக இருக்கலாம், மென்பொருளோ அது முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போகலாம். கடைசியாக எழுதப்பட்ட கோப்பையும் அழித்துவிட்டுத் தொடருங்கள். சந்தேகம் இருந்தால் முதலிலிருந்தே ஓட்டுவது மேல். ஒரு யூ.பி.எஸ். வாங்கி வைத்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

மற்றபடி உரிமக் கோப்பு இல்லை, வட்டில் இடமில்லை, நினைவகம் போதவில்லை என்பவை எல்லாம் பதிவேட்டின் கடைசி வரிகளில் தெளிவாகவே எழுதியிருக்கும். படத்தின் பரப்பு 256 மி.மீ.-ஐத் தாண்டுகிறது என்று நின்றால், வெட்டிக்கொள்ள அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. வெட்டியபின் மூளை முழுதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.


"எண் வந்தது, ஆனால் எல்லாமே விநோதமாக இருக்கிறது"

படம் சரிதான், எடுத்த தொடர்தான் தவறு. வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில் பல தொடர்கள் இருக்கும். கன அளவுக்கு வேண்டியது அவற்றில் ஒன்றுதான்: முப்பரிமாண டி1 படம் (கொழுப்பு வெளுப்பாகவும் நீர் கருப்பாகவும் தெரியும் வகை), மூன்று திசையிலும் சுமார் 1 மி.மீ. சீமென்ஸ் கருவியில் எம்.பி.ரேஜ் என்பார்கள், ஜி.இ.யில் பிராவோ அல்லது எஸ்.பி.ஜி.ஆர்., பிலிப்ஸில் டி.எஃப்.இ. பெயர் வேறு, தத்துவம் ஒன்றுதான்.

மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். முதலாவது, 5 மி.மீ. தடிமன் உள்ள இருபரிமாணப் படத்தைக் கொடுப்பது. ஹிப்போகாம்பஸின் உயரமே ஏறக்குறைய 1 செ.மீ.தான். குறுக்குவெட்டில் 5 மி.மீ. துண்டு என்றால் இரண்டு மூன்று துண்டில் முடிந்துவிடும், ஓரங்களில் மூளையும் நீரும் ஒரே வாக்ஸலில் (படத்தின் மிகச் சிறிய கனக் கட்டத்தில்) கலந்துவிடும். இரண்டாவது, கன்சோலில் மருத்துவர் பார்ப்பதற்காக முப்பரிமாணப் படத்திலிருந்து திரும்ப வெட்டிய தொடர். அது பார்க்க அழகாக இருக்கும், தடிமன் 3 மி.மீ. இருக்கும். மூன்றாவது, காடோலினியம் என்ற ஒளிரவைக்கும் மருந்தை ஊசி போட்டபின் எடுத்த டி1. ரத்தக் குழாயும் மூளை உறையும் பளிச்சென்று ஒளிரும், மென்பொருள் அவற்றைச் சாம்பல் பொருளோடு (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதியோடு) சேர்த்துவிடும்.

நோயாளி கொண்டுவரும் சிடியில் எல்லாத் தொடரும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சிடிகளில் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் ஜேபெக் வடிவில் இருக்கும். அதை வைத்து ஒன்றும் அளக்க முடியாது, கருவி தரும் மூல டைகாம் கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றை ஆய்வு வடிவத்துக்கு டிசிஎம்2நிக்ஸ் என்ற கருவி கொண்டு மாற்றும்போது துண்டுகளின் இடைவெளி மாறுபடுகிறது என்று எச்சரிக்கை வந்தால், அனுப்பும்போது இடையில் ஒரு துண்டு விழுந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். அந்த எச்சரிக்கையைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் அதிகம்.

நல்ல முப்பரிமாணப் படம் கிடைக்கவே வழியில்லை, பழைய மருத்துவப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் சின்த்செக் என்ற மென்பொருள் இருக்கிறது. எந்த வகைப் படமானாலும், தடித்த துண்டானாலும் பிரித்துத் தரும்படி பயிற்றுவிக்கப்பட்டது. புதிய ஃபிரீசர்ஃபரிலேயே சேர்ந்து வருகிறது. ஆனால் அதில் வந்த எண்ணையும் ரீகான்-ஆல் தந்த எண்ணையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிடக் கூடாது.


"மூளை வெட்டுப்பட்டிருக்கிறது" அல்லது "மண்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது"

மேலே சொன்ன "பாதி மூளையக் காணோம்" இதுதான். மண்டையோட்டை நீக்கும் கட்டத்தில் நெற்றிப் பக்கமோ சிறுமூளையோ சேர்ந்து போயிருக்கும். ஃபிரீசர்ஃபரின் பழைய முறையில் இதற்கான வரம்பு எண் இயல்பாக 25. மூளை வெட்டுப்பட்டால் அதைக் கூட்டுங்கள், 35 என்று வைத்துப் பாருங்கள். மண்டையோடு மிஞ்சினால் குறையுங்கள். எஃப்.எஸ்.எல்.-இல் மண்டையோட்டை நீக்கும் பெட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் இயல்பு 0.5. அங்கே எண்ணைக் குறைத்தால்தான் மூளையின் எல்லை பெரிதாகும். இரண்டும் நேர் எதிர்த் திசை என்பதால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் குழம்புவார்கள். கழுத்து நிறையப் படத்தில் வந்திருந்தாலும் பெட் தடுமாறும், முதலில் கழுத்தை வெட்டிவிடுங்கள்.

வயதான பெண்களின் படத்தில் இந்தக் கட்டம் அடிக்கடி சறுக்கும். நெற்றி எலும்பின் உட்புறம் தடித்துப்போவது மாதவிடாய் நின்ற பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் மாற்றம், பெரும்பாலும் தீங்கில்லாதது. எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு டி1 படத்தில் பளிச்சென்று தெரிவதால் மென்பொருள் அதை மூளை என்று நினைக்கும். வரம்பு எண்ணோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்குவதைவிட, மண்டையோட்டை நீக்கவென்றே 2022-இல் வந்த சின்த்ஸ்ட்ரிப்பை ஓட்டிவிட்டு, அது தரும் முகமூடியை (எது மூளை என்று குறித்த படத்தை) உள்ளே கொடுப்பது எளிது.


"மூளை அளவு சரி, தலைக்குழி அளவு மட்டும் நம்பும்படி இல்லை"

தலைக்குழி அளவை, அதாவது மண்டையோட்டின் உட்கொள்ளளவை, ஃபிரீசர்ஃபர் நேரடியாக அளப்பதில்லை. அந்தத் தலையை ஒரு பொது வார்ப்புக்குப் பொருத்த எவ்வளவு விரிக்கவோ சுருக்கவோ வேண்டியிருந்தது என்பதிலிருந்து கணக்கிடுகிறது. பொருத்தம் தவறினால் இந்த எண் தவறும். இந்த எண்ணால் வகுத்து வரும் எல்லா எண்ணும் கூடவே தவறும். பெரியவர்களுக்குப் பொதுவாக 1,200 முதல் 1,800 மி.லி.க்குள் வர வேண்டியது 900 என்றோ 2,300 என்றோ வந்தால், அந்த வார்ப்புப் பொருத்தத்தை (தலைராக் பொருத்தம்) திறந்து பாருங்கள். கழுத்து வளைந்து படுத்திருப்பார்கள், படம் சாய்ந்திருக்கும். கையால் சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.


"சாம்பல் பொருள் மொத்தமாக மெலிந்து தெரிகிறது"

எந்த ஒரு பகுதியும் தனியாகக் குறையவில்லை, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு. தலை அசைவைச் சந்தேகியுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தால் சாம்பல் பொருளின் கன அளவும் புறணியின் (மூளையின் மேலடுக்கின்) தடிமனும் குறைவாக வரும் என்பதை 2015-இல் ஒரு ஆய்வு திட்டமிட்டே சோதித்துக் காட்டியது. ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே தலையாட்டச் சொல்லி எடுத்த படங்கள் அவை. நோயாளிகள் ஆரோக்கியமானவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பதால், அசைவே நோயின் அடையாளம் போல வேடம் போட்டு வந்துவிடும்.

அசைவு இருந்த படத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும், வெண்பொருளின் (உள்ளே உள்ள நரம்பிழைப் பகுதியின்) ஓரம் மங்கியிருக்கும். கண்ணில் சரியாகப் படாவிட்டால் ஆய்லர் எண்ணைப் பாருங்கள். ஃபிரீசர்ஃபர் வரைந்த பரப்பில் எத்தனை ஓட்டை என்பதை அது காட்டும். குழுவில் மற்றவர்களைவிட மிகவும் எதிர்மறையாக இருப்பவரின் படம் சந்தேகத்துக்குரியது.

இதற்கு மென்பொருளில் நல்ல மருந்து கிடையாது. ஸ்கேன் அறையில்தான் தீர்க்க வேண்டும். டி1 தொடர் சுமார் 5 நிமிடம் ஓடும். வயதான தமிழ் அம்மாவிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் "அசையாதீங்க" என்றால் தலையை ஆட்டி ஆமோதிப்பார், உள்ளே போனதும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். "பாட்டிம்மா, டொக் டொக்னு பெரிய சத்தம் வரும், பயப்படாதீங்க. 5 நிமிஷம் எச்சில்கூட மெதுவா முழுங்குங்க, தலைய மட்டும் அசைக்காதீங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே அனுப்பும் ரேடியோகிராபரால் வரும் நன்மை எந்தத் திருத்த மென்பொருளாலும் வராது. தலையின் இரு பக்கமும் பஞ்சுத் திண்டு வைப்பதும், இந்தத் தொடரைக் கடைசியில் விடாமல் முதலில் எடுப்பதும் உதவும்.


"ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் மட்டும் சின்னதாக இருக்கிறது"

கவனமாகக் கையாள வேண்டிய அறிகுறி இது. டெம்போரல் மடலிலிருந்து வரும் வலிப்பு உள்ளவருக்கு இது உண்மையாகவே நோயின் அடையாளமாக இருக்கலாம், அறுவைச் சிகிச்சை வரை போகும் முடிவுக்கு ஒரு காரணமாகவும் ஆகலாம். அதனாலேயே எண்ணை அனுப்புவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் இடது வலது. ரேடியாலஜி வழக்கப்படி படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். சில ஆய்வு மென்பொருள்களில் அப்படியே நேர். பழைய அனலைஸ் வடிவத்தில் திசைத் தகவல் ஒழுங்காகப் பதிவாகாது. பழைய தரவை யாராவது அந்த வடிவத்தின் வழியாக மாற்றியிருந்தால், திசையை நம்பவே கூடாது. இரண்டு அரைக்கோளமும் ஒன்றுபோலத் தெரிவதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆய்வுக்காக எடுக்கும் படம் என்றால், வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ அல்லது மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். எண்ணெய் என்பதால் டி1-இல் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், பிறகு எந்த மாற்றத்துக்குப் பின்னும் வலது எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் எல்லை. முன்பக்கத்தில் அமிக்டலா என்ற பக்கத்துப் பகுதி எங்கே முடிகிறது, ஹிப்போகாம்பஸ் எங்கே தொடங்குகிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரியும் கோடு அல்ல. மென்பொருள் ஒரு பக்கம் கொஞ்சம் அள்ளி அமிக்டலாவுக்குக் கொடுத்திருந்தால், ஹிப்போகாம்பஸ் குறைந்து அதே பக்க அமிக்டலா கூடியிருக்கும். பட்டியலில் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். அருகே வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் கோராய்டு ரத்தக் குழாய்ப் பின்னலையும், ஹிப்போகாம்பஸுக்குள் சிலருக்கு இருக்கும் சின்ன நீர்க்கட்டிகளையும் மென்பொருள் சேர்த்திருக்கலாம், விட்டிருக்கலாம்.

மூன்றாவது, எவ்வளவு வித்தியாசம். வலது ஹிப்போகாம்பஸ் இயல்பாகவே இடதைவிடச் சற்றுப் பெரிது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குவது வழக்கம். இடது 3.1 மி.லி., வலது 3.9 மி.லி. என்றால் வித்தியாசம் 0.8, சராசரி 3.5, ஆக 23% அளவு. இது சும்மா ஒதுக்கக்கூடியது அல்ல. 3.6-க்கு 3.8 என்றால் 5%தான், பிரிக்கும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். இந்தக் குறியீட்டுக்கு ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் சமமாகச் சுருங்கியிருந்தால் வித்தியாசம் பூஜ்யம், எல்லாம் நலம் என்று காட்டும். ஆகவே தனித்தனி அளவையும் விடாமல் அனுப்புங்கள்.

நான்காவது, மற்ற தொடர்கள். வலிப்போடு தொடர்புடைய உண்மையான ஹிப்போகாம்பஸ் ஸ்கிளெரோசிஸ் (தழும்பாகிச் சுருங்குதல்) என்றால் அளவு குறைவதோடு டி2, ஃபிளேர் என்ற மற்ற வகை எம்.ஆர்.ஐ. படங்களில் அந்த இடம் வெளுத்தும், உள் அமைப்பு மங்கியும் தெரியும். அளவு மட்டும் குறைந்து மற்றதெல்லாம் இயல்பாக இருந்தால், "குறைவு" என்று எழுதும்போதே அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் கையால் வரையுங்கள். நெற்றிக்கு இணையான வெட்டுகளில் ஒவ்வொரு துண்டிலும் எல்லையை வரைந்து, பரப்புகளைக் கூட்டித் துண்டின் தடிமனால் பெருக்கினால் கன அளவு. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கவாலியேரி பெயரில் வழங்கும் கொள்கைதான். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடித்தாலும், மருத்துவர் "எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.


"ஒரே வருடத்தில் 8% குறைந்துவிட்டது!"

அடிக்கடி வரும் கதை இப்படி இருக்கும். அப்பா பட்டர்வொர்த்தில் இருந்தபோது பினாங்கில் ஒரு ஸ்கேன். மறதி கூடவே மகள் கோலாலம்பூருக்கு அழைத்து வந்துவிட்டார், இங்கே இரண்டாவது ஸ்கேன். இரண்டு சிடியும் மேசைக்கு வந்து, இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

எவ்வளவு குறைவது இயல்பு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வந்த தொகுப்பின்படி, ஹிப்போகாம்பஸ் அல்சைமர் நோயாளிகளிடம் வருடத்துக்குச் சராசரியாக 4.66%, அதே வயது நலமானவர்களிடம் 1.41% குறைகிறது. நாம் பிடிக்க வேண்டிய வித்தியாசமே 3%தான். இப்போது மென்பொருள் பக்கம் வாருங்கள். ஒரே படங்களை ஃபிரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டிப் பார்த்த 2012 ஆய்வில், கன அளவுகள் சராசரியாக 8.8% மாறின. ஒரே பதிப்பை வேறு கணினியில் ஓட்டியபோதும் எண்கள் மாறின. தேடும் வித்தியாசத்தைவிடத் தேடும் கருவியின் ஆட்டம் பெரிது. சௌ கிட் சந்தைத் தராசில் ஒருநாள், செந்தூல் கடைத் தராசில் மறுநாள் மீனை நிறுத்துவிட்டு, மீன் இளைத்துவிட்டது என்று வருத்தப்படுவது போலத்தான்.

எனவே வரிசையாகப் பாருங்கள். இரண்டு படமும் ஒரே பதிப்பில், ஒரே கணினியில் ஓடியதா? இல்லையென்றால் பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டையும் இன்று ஒன்றாக ஓட்டுங்கள். ஆய்வு நடக்கும்போது நடுவில் பதிப்பை மேம்படுத்தாதீர்கள். புதியது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

பிறகு தலைக்குழி அளவு. பெரியவர்களின் மண்டையோடு ஒரு வருடத்தில் வளராது, சுருங்காது. ஆகவே அது நமக்கு இலவசமாகக் கிடைத்த அளவுகோல். உதாரணத்துக்கு, ஹிப்போகாம்பஸ் 3.42-லிருந்து 3.15 மி.லி. ஆகியிருக்கிறது, 7.9% குறைவு. தலைக்குழியைப் பார்த்தால் அதுவும் 1,412-லிருந்து 1,371 ஆகியிருக்கிறது, 2.9% குறைவு. கருவியின் காந்தச் சரிவு (படத்தின் அளவைத் தீர்மானிப்பது) ஒவ்வொரு திசையிலும் 1% பிசகினாலே கன அளவில் 3% வந்துவிடும். அந்த விகிதத்தைச் சரிசெய்து பார்த்தால் 3.15 என்பது 3.24 ஆகும், குறைவு 5.1%. இந்தத் திருத்தம் இறுதி விடையல்ல, தலைக்குழி எண்ணும் ஒரு மதிப்பீடுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கருவியைக் கேள்வி கேட்காமல் நோயாளியைக் கேள்வி கேட்பது நியாயமில்லை.

1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, தலைச்சுருள் எது, இடையில் கருவிக்கு மென்பொருள் மேம்பாடு நடந்ததா என்று டைகாம் தலைப்பில் பாருங்கள். இரண்டு படங்களையும் ஃபிரீசர்ஃபரின் நீள்கால முறையில் ஓட்டுங்கள். அது அந்த ஆளுக்கே ஒரு நடுவார்ப்பு செய்து இரண்டையும் அதிலிருந்து தொடங்குவதால் ஆட்டம் கணிசமாகக் குறையும். கருவி வேறு வேறு என்ற குறையை அதுகூட முழுதாகப் போக்காது.

உடம்பும் விளையாடும். நீர்ச்சத்துக் குறைந்தால் மூளையின் அளவு சிறிது குறையும், காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் கொஞ்சம் வேறுபடும். ஸ்டீராய்டு சிகிச்சையில் இருப்பவர், குடியை அண்மையில் நிறுத்தியவர், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸுக்கு அழற்சியைத் தணிக்கும் மருந்து தொடங்கியவர் என்றால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னவருக்கு வீக்கம் வடிவதால் அளவு குறையும், செல் இறந்ததால் அல்ல.


"முதியவரின் மூளையில் வென்ட்ரிக்கிள் பாதிதான் நிரம்பியிருக்கிறது, சாம்பல் பொருள் நட்டநடுவில் முளைத்திருக்கிறது"

இரண்டு பிழைகள், பெரும்பாலும் ஒரே ஆளிடம். வென்ட்ரிக்கிள் மிகப் பெரிதானால் ஃபிரீசர்ஃபரின் வார்ப்பு அவ்வளவு தூரம் நீளாமல், ஓரத்தில் உள்ள நீரை வெண்பொருள் என்று குறித்துவிடும். "பிக்வென்ட்ரிக்கிள்ஸ்" என்ற தெரிவைப் போட்டு மீண்டும் ஓட்டினால் பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, வெண்பொருளில் சின்ன ரத்தக் குழாய் நோயால் வந்த புண்கள். டி1-இல் அவை கருத்திருக்கும், சாம்பல் பொருளின் நிறத்துக்கே வந்துவிடும். மென்பொருளும் அப்படியே சேர்த்துக்கொள்ளும். விளைவு வேடிக்கையானது, நோய் கூடக் கூடச் சாம்பல் பொருள் "வளரும்". நம்மவர்களின் படங்களை அதிகம் பார்ப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3% பேருக்கு நீரிழிவு, இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருக்கும் இடத்தில் இந்தப் புண்களும் இருக்கும். ஃபிளேர் படத்தை வைத்துப் புண்களைத் தனியாகக் குறித்து, டி1-இல் அந்த இடத்தை நிரப்பிவிட்டு ஓட்டுங்கள்.

வென்ட்ரிக்கிள் பெரிது, ஆனால் மேல்பக்க மடிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன, நடை தடுமாறுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அது மென்பொருள் பிழை அல்ல. முன்கொம்புகளின் அகலத்தை மண்டையோட்டின் உட்புற அகலத்தால் வகுத்து எவன்ஸ் குறியீட்டைப் பாருங்கள். 0.3-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இயல்பழுத்த நீர்த்தலை நோய்க்குச் சிகிச்சை உண்டு.


"நம் ஆட்கள் எல்லாரும் சராசரிக்குக் கீழே வருகிறார்கள்"

எண் சரி, ஒப்பீடு தவறு. மென்பொருள்களோடு வரும் இயல்பளவுத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. எங்கும் பயன்படும் எம்.என்.ஐ.152 வார்ப்பு மாண்ட்ரியலில் 152 இளவயதினரிடமிருந்து உருவானது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019-இல் 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு ஒரு வார்ப்பு செய்தபோது, சராசரி இந்திய மூளை உயரம், அகலம், கன அளவு மூன்றிலும் மேற்கத்திய வார்ப்பைவிடச் சிறியதாக வந்தது. சிறிய தலை என்றால் சிறிய மூளை, அதில் நோய் ஒன்றுமில்லை. தலைக்குழி அளவுக்குத் திருத்தாமல் யாரையும் "குறைவு" என்று சொல்லாதீர்கள். வயதும் பாலினமும் சேர்த்துத்தான்.

2022-இல் வெளிவந்த மூளை வளர்ச்சி வரைபடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 படங்களைச் சேர்த்தவை. அவ்வளவு பெரியதிலும்கூட ஐரோப்பியர், வட அமெரிக்கர் பங்கே அதிகம். கோலாலம்பூரில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே கருவியில் படுக்கிறார்கள். அதே கருவியில் எடுத்த உள்ளூர் நலமானவர்களின் சின்னத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்து வைத்தால், அது தூரத்துப் பெரிய தொகுப்பைவிட அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 80 பகுதிகளை அளந்து, ஒவ்வொன்றிலும் கடைசி 5%-க்குள் வந்தால் சிவப்பு என்று வைத்தால், முழு ஆரோக்கியமானவருக்கே சராசரியாக 4 சிவப்பு வரும். அறிக்கையில் சிவப்பைப் பார்த்த குடும்பம் அன்றிரவு தூங்காது. எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறோம் என்பதை நோயாளியின் தொந்தரவை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதை மட்டும் முன்னால் வையுங்கள்.


"இரண்டு மென்பொருள், இரண்டு எண்"

வரத்தான் செய்யும். ஹிப்போகாம்பஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஒவ்வொன்றும் வேறு விதியைப் பின்பற்றுகிறது. ஃபிரீசர்ஃபர் பொதுவாகக் கையால் வரைந்ததைவிடப் பெரிதாகவே தரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள், அறிக்கையில் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுதுங்கள்.


"குழந்தையின் படத்தில் வெண்பொருளும் சாம்பல் பொருளும் இடம் மாறிவிட்டன"

பெரியவர்களுக்கான ரீகான்-ஆலைக் கைக்குழந்தைக்கு ஓட்டியிருப்பீர்கள். பிறந்த சில மாதங்களுக்கு நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை முழுதாக வளராததால் டி1-இல் நிறங்கள் தலைகீழாக இருக்கும், 6 மாத அளவில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். மென்பொருள் மேல் தப்பில்லை. 2 வயது வரை குழந்தைகளுக்கென்றே உள்ள ஃபிரீசர்ஃபர் பதிப்பைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் 5 வயது வரை, ஒவ்வொரு படத்தையும் ஆள் பார்த்துச் சரியென்று சொல்லாமல் எண்ணை வெளியே விடாதீர்கள்.